குவாட்டர்பேக்குக்காக டிராஃப்டில் மேலே ஏறுவது சரிதானா? பேந்தர்ஸ் ரசிகனின் கேள்வி

கரோலினா வாசி:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. சார்லட்டுக்குக் குடி வந்ததிலிருந்து எங்கள் வீட்டு டீம் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடும் பேந்தர்ஸ்தான். கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் ரவுண்ட் ரவுண்டாக வரிசைப்படி எடுப்பதுதான் டிராஃப்ட், முந்தின சீசனில் கடைசியில் வந்த டீமுக்கு முதல் பிக், அதாவது முதலில் எடுக்கும் உரிமை. 2023 டிராஃப்டில் 9ஆம் இடத்தில் இருந்த நாங்கள் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கான பிரைஸ் யங்குக்காக முதல் இடத்துக்கு ஏறினோம். அதற்காக சிகாகோ பேர்ஸுக்கு அந்த 9ஆம் பிக், 61ஆம் பிக், 2024இன் முதல் ரவுண்ட், 2025இன் இரண்டாம் ரவுண்ட் எல்லாம் போயின. அதுவும் போதாதென்று எங்களிடம் இருந்த ஒரே நல்ல ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) டி.ஜே. மூரையும் தூக்கிக் கொடுத்தோம்.

அந்த சீசன் 2-15, அதாவது 2 வெற்றி, 15 தோல்வி. யங் 62 முறை சாக் ஆனார், பந்தை வீசும் முன்பே எதிரணி அவரைக் கீழே தள்ளிவிட்டது. பதினோரு மேட்ச் முடிந்ததும் கோச் ஃபிராங்க் ரைக்கை அனுப்பிவிட்டார்கள். யங்குக்கு அடுத்ததாக ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுட் முதல் வருடமே பந்து வீசி 4,000 யார்டைத் தாண்டினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பொறுக்க முடியாதது வேறு. 2010இல் நாங்கள் 2-14, அதனால் அடுத்த டிராஃப்டில் முதல் பிக் கிடைத்து கேம் நியூட்டன் வந்தார், யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2023இலும் அதே மாதிரி கடைசியில்தான் வந்தோம், ஆனால் அந்த முதல் பிக் சிகாகோ கையில் இருந்தது. அவர்கள் குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த டிசம்பரில் ஃபால்கன்ஸ் மேட்சுக்கு மகனைக் கூட்டிப் போனேன். விடாத மழை. யங்கின் 9ஆம் நம்பர் ஜெர்சி தெரிய வேண்டும் என்று ரெயின்கோட்டின் பட்டனைப் போடவே மாட்டேன் என்றான், உள்பனியன் வரை நனைந்து பல் கிடுகிடுத்தது. கடைசி டிரைவ், அதாவது பந்தை எதிரணிப் பக்கம் நகர்த்திக்கொண்டு போவது, எங்கள் பக்க எல்லையான எண்ட் ஸோன் அருகிலிருந்து தொடங்கி 90 யார்டு, ஏழு நிமிடத்துக்கு மேல் போனது. ஃபீல்ட் கோல் அடித்து 9-7 என்று ஜெயித்தோம். அன்று யங்கைப் பார்த்தவர்கள் யாரும் ஆட்டம் தெரியாத பையன் என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, கேள்வி இதுதான். தப்பு மேலே ஏறியதா, எடுத்த ஆளா, கொடுத்த விலையா? இன்னொரு முறை இப்படி வாய்ப்பு வந்தால் ஏறலாமா?

பே ஏரியா நைனர்:

உங்கள் வலி புரிகிறது, ஏனென்றால் எங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers உங்களைவிடப் பெரிய தப்பு செய்த டீம். 2021இல் 12இலிருந்து 3க்கு ஏற மயாமிக்கு மூன்று முதல் ரவுண்ட், ஒரு மூன்றாம் ரவுண்ட் கொடுத்து குவாட்டர்பேக் டிரே லான்ஸை எடுத்தோம். கல்லூரியில் 17 மேட்ச்தான் ஸ்டார்ட் செய்தவர், 2020இல் கொரோனாவால் ஒரே ஒரு மேட்ச். எங்களுக்காக நான்கு மேட்ச் ஸ்டார்ட் செய்தார், இரண்டாம் வருடம் கணுக்கால் முறிந்தது, 2023இல் ஒரு நான்காம் ரவுண்ட் பிக்குக்கு டல்லாஸுக்கு அனுப்பிவிட்டோம். நாங்கள் விட்ட அந்த 12ஆம் பிக் கைமாறிக் கைமாறி டல்லாஸிடம் போய் டிஃபென்ஸ் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ் ஆனது, அதை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

ஆனாலும் நாங்கள் விழவில்லை. போசா, வார்னர், கிட்டில், டிரெண்ட் வில்லியம்ஸ் என்ற எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர்கள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவதாக வந்த குவாட்டர்பேக் பிராக் பர்டி அந்த டீமை வைத்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனார். வீடு நிறைய சாமான் இருந்தால் ஒரு பெரிய நஷ்டம் வந்தாலும் தாங்கும். நீங்கள் ஏறும்போது உங்கள் வீட்டில் என்ன இருந்தது? இருந்த ஒரு மூரையும் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பையன் பந்தை யாருக்குப் போடுவான்?

ஓஹையோ தமிழன்:

நான் இதற்கு எதிர்க்கட்சி. ஏறாமல் இருப்பதற்கும் விலை உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2020இல் டெடி பிரிட்ஜ்வாட்டர், 2021இல் சாம் டார்னால்ட், 2022இல் பேக்கர் மேஃபீல்ட் என்று நீங்கள் வருடத்துக்கு ஒருவராக மாற்றிப் பார்த்தீர்கள். டார்னால்டுக்கு மட்டும் ஒரு இரண்டாம் ரவுண்ட் உட்பட மூன்று பிக் போனது. அப்படியே காத்திருந்தால் நல்ல குவாட்டர்பேக் தானாக நடந்து வருவாரா?

இன்னொன்று, சம்பளம். 2010இல் முதலாவதாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 78 மில்லியன் டாலர். 2011இல் புது ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு வரம்பு வைத்த லீக் ஒப்பந்தம் வந்த பிறகு அதே முதல் இடத்தில் வந்த நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு சுமார் 22 மில்லியன்தான். குவாட்டர்பேக் குறைந்த சம்பளத்தில் ஆடும் அந்த நான்கைந்து வருடத்தில் மிச்சப் பணத்தை லைனுக்கும் (குவாட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேர்) டிஃபென்ஸுக்கும் போட முடியும். டீம்கள் இப்படி முண்டியடித்து ஏறுவதற்கு அதுதான் காரணம். எனக்குக் கேட்டால், ஆள் மீது நம்பிக்கை இருந்தால் ஏறத்தான் வேண்டும்.

சிகாகோ பேர்ஸ் வெறியன்:

கொடுத்தும் பார்த்தோம், வாங்கியும் பார்த்தோம், அதனால் சொல்கிறேன். 2017இல் 3இலிருந்து 2க்கு, ஒரே ஒரு படி ஏற, அந்த 3ஆம் பிக்கோடு மூன்று பிக் சேர்த்துக் கொடுத்து மிட்ச் டிரபிஸ்கியை எடுத்தோம். அதே இரவில் கான்சஸ் சிட்டி 27இலிருந்து 10க்கு ஏறி, பின்னால் லீக்கின் பெரிய நட்சத்திரமான குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அவர்கள் கொடுத்தது அந்த 27, ஒரு மூன்றாம் ரவுண்ட், அடுத்த வருடத்து முதல் ரவுண்ட். முந்தின சீசனில் 12-4 எடுத்த டீம், அதனால் அடுத்த வருடத்து பிக் எப்படியும் கடைசிப் பக்கம்தான் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். மஹோம்ஸை உடனே இறக்கவும் இல்லை, அனுபவசாலியான அலெக்ஸ் ஸ்மித் ஆட ஒரு வருடம் உட்கார வைத்தார்கள். ஏறுவது என்றால் அப்படி ஏற வேண்டும். நீங்கள் கொடுத்த 2024 பிக் லீக்கிலேயே முதல் பிக்காக மாறும் அளவுக்கு உங்கள் டீம் காலியாக இருந்தது. அது தெரிந்திருந்தால் அதைத் தொட்டே இருக்கக் கூடாது.

ஆனால் ஒன்று, கேலப் எங்களுக்கு உங்கள் தயவில் வந்தார், இருந்தும் முதல் வருடம் 68 சாக், 5-12. லைன் சரியில்லை. 2025இல் லைனின் நடுவில் நிற்கும் சென்டர், அவருக்கு இரு பக்கமும் நிற்கும் இரண்டு கார்டு, கோச் எல்லாரையும் மாற்றின பிறகுதான் அவரால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. மேலே ஏறி எடுத்தாலும் சும்மா கிடைத்தாலும், முன்னால் ஐந்து பேர் ஒழுங்காக இல்லாவிட்டால் எந்தப் பையனும் அடிதான் வாங்குவான்.

கரோலினா வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஓஹையோ நண்பர் சொல்வதும் சரிதான், அந்த மூன்று வருடம் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதனால்தான் ஏறியபோது வீட்டில் கைதட்டினோம். ஆனால் மூரை விட்டதுதான் தப்பு என்று இப்போது நிச்சயமாகத் தோன்றுகிறது. அன்று பேர்ஸுடன் நடந்த பேச்சில் எங்கள் டிஃபென்ஸில் இருந்த பிரையன் பர்ன்ஸ் பெயரும் அடிபட்டது, தர மாட்டோம் என்றார்கள். அடுத்த வருடமே அவரை ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள், முதல் ரவுண்ட் பிக்கூட வரவில்லை. அவரையே அன்று கொடுத்துவிட்டு மூரை யங் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம்.