ரிகர்ஷன்: தற்சுழற்சி போதுமா?

விரிவுரையாளர், திருச்சி:

அன்பர்களுக்கு வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான பைத்தான் நிரல்மொழி ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பள்ளியில் தமிழ்வழி படித்து வந்தவர்கள் நிறைய பேர் இருப்பதால் பயிற்சிதோறும் தமிழில் விளக்கம் சேர்க்கிறோம். மாறி, அணி, சரம், செயற்கூறு எல்லாம் பாடநூலில் உள்ளபடியே. ஒரு செயற்கூறு, அதாவது பெயரிட்ட நிரல்பகுதி, தன்னையே அழைக்கும் ரிகர்ஷனில் மட்டும் மாட்டிக்கொண்டோம். 11-ஆம் வகுப்பு நூலில் அது 'தற்சுழற்சி', அதே வரிகளை மறுபடி மறுபடி ஓட்டும் இட்டரேஷன் 'சுழற்சி'. பெயர் ஒட்டியிருப்பதால், இதுவும் ஃபார், வைல் லூப் போல இன்னொரு சுற்று என்றே மாணவர் எடுத்துக்கொள்கிறார்.

5-இன் தொடர்பெருக்கத்தை (5×4×3×2×1) கேட்டால், செயற்கூறு 4-க்காகத் தன்னையே அழைக்கிறது. 4-க்கான அழைப்பு 3-க்காக, இப்படியே 1 வரை. அங்கே நின்று 1, 2, 6, 24, 120 என்று விடைகள் ஏறி வருகின்றன. பலகையில் எழுதச் சொன்னால் இறங்கும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் காத்திருக்கும் பெருக்கல்கள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இதற்கு உதவுகிற சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

இலத்தீன் மூலத்துக்குத் 'திரும்பி ஓடுதல்' என்று பொருள். நம்மிடம் 'மறிதல்' இருக்கிறதே! திரும்புதலும் அதுதான், கீழ்மேலாதலும் அதுதான். 'மறித்தும்' என்றால் மீண்டும். 'மறிவினை' என்று வையுங்கள். போவதும் வருவதும் ஒரே வேரில் அடங்கிவிடும்.

லூப்புக்கு 'மடக்கு' என்று வைத்தவரை வணங்க வேண்டும். மடக்கணியில் அதே எழுத்துகள் மடங்கி வந்து வேறு பொருள் தரும். லூப்பில் அதே வரிகள் மறுபடி ஓடி வேறு மதிப்புத் தரும். முடிவே இல்லாத லூப் வேண்டுமா, அந்தாதி இருக்கிறது. திருவாய்மொழி 'உயர்வற' என்று தொடங்கி 'உயர்ந்தே' என்று முடியும். முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கலாம். மண்டலித்தல் என்பார்கள். ஆனால் ரிகர்ஷன் மண்டலிப்பது அன்று, இறங்கி மீள்வது.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

ஐயா, எங்களுக்கு மறியல் என்றால் சிறை. விளக்கமறியல் என்று நாளிதழ்களில் அடிக்கடி வரும். உங்கள் பக்கத்திலும் சாலை மறியல்தானே முதலில் நினைவுக்கு வரும்? 'மீள்சுழற்சி' என்றும் சொல்ல இயலாது. அது இங்கே குப்பை மீள்சுழற்சி. செயற்கூறை அழைக்கிறோம் என்று ஏற்கெனவே சொல்வதால் 'தன்னழைப்பு' என்று வைக்கலாமே. பிள்ளைகள் கேட்டதும் விளங்கும்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ரிகர்ஷன் என்றே எழுதுங்கள். அழைப்பு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் அடிநிலையை எழுத மறந்த மாணவருக்கு, வழக்கமான 1000 என்ற வரம்பைத் தாண்டியதும் பைத்தான் 'ரிகர்ஷன்எரர்' என்றுதான் காட்டும். நேர்காணலிலும் அந்தச் சொல்லில்தான் கேட்பார்கள். நாம் புதிதாக ஒன்றை வைத்தால் அவர் இரண்டு சொல் படிக்க வேண்டும். இன்னொன்று: ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்க, அது முதலாவதைத் திருப்பி அழைத்தாலும் ரிகர்ஷன்தான். அங்கே 'தன்' எங்கே?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பெயரை ஒலிபெயர்த்துக் கொடுத்தால் மாணவர் அதை உச்சரிப்பார். உள்ளே நடப்பது என்ன என்பதற்கு அவருக்கு ஒரு பிடி கிடைக்காது. விரிவுரையாளர் கேட்டது அந்தப் பிடியைத்தான். தன்னழைப்பில் புணர்ச்சிக் குற்றம் இல்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வர இரட்டித்தது. வல்லினம் வந்தால் தற்சுழற்சியில் போல றகரமாகும். என் மறுப்பு இலக்கணத்தில் இல்லை, பொருளில்: அது போவதை மட்டும் சொல்கிறது.

விரிவுரையாளர், திருச்சி:

நன்றி. துறையில் பேசினோம். பெரும்பாலோர் தன்னழைப்பு என்கிறார்கள். ஒன்றையொன்று அழைக்கும் செயற்கூறுகள் முதலாண்டில் வருவதில்லை. வரும்போது 'மாற்றழைப்பு' என்று தனியே பெயர் கொடுக்கலாம். பயிற்சித் தலைப்பில் தன்னழைப்பு, முதல் வரியில் 'பாடநூலில் தற்சுழற்சி, ஆங்கிலத்தில் ரிகர்ஷன்' என்று போடுகிறோம். தமிழாசிரியர் ஐயா சுட்டிய குறைக்காக இறங்குமுகம், ஏறுமுகம் என்று படத்தை இரண்டாகப் பிரித்து, காத்திருக்கும் பெருக்கல்களை மாணவரே நிரப்பும்படி கட்டங்கள் விட்டிருக்கிறோம்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை:

படம் நல்ல முடிவு. சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 'பிழைச்செய்தியை வாசித்தல்' என்று ஒரு பயிற்சி சேர்த்து, ரிகர்ஷன்எரரை வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

படத்தில் மீள்வது வந்துவிட்டது, பெயரில் வரவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் 'மீள்வினை' என்பதை ஒரு வகுப்பிலாவது சொல்லிப் பாருங்கள். மறிவினையை விட்டுக்கொடுக்கிறேன், மீள்வதை விடமாட்டேன்.