எம்.ஐ.சி.க்குத் தமிழில் ஒரு குறுஞ்சொல்

அன்பர்களுக்கு வணக்கம். சேர்வராயன் மலைக் கடுக்காயின் மெத்தனால் சாறு குறித்துச் செய்முறைக் கையேடு எழுதுகிறோம். பாக்டீரியா வளராமல் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த செறிவுதான் எம்.ஐ.சி. அதைக் குறிக்கும் ‘குறைந்தபட்ச வளர்ச்சித் தடுப்புச் செறிவு’ அட்டவணைத் தலைப்பில் அடங்கவில்லை. ‘தடுப்பளவு’ போதுமா?
– சேலத்திலிருந்து

> ‘தடுப்பளவு’ போதுமா?

போதாது ஐயா. ‘அளவு’ என்றால் மாணவர் தடை வளையத்தின் (அகார் என்னும் கூழ்த்தட்டில் சாற்றைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டம்) மில்லிமீட்டரை எழுதிவிடுவார். வளையம் என்பது சாறு அகாரில் எவ்வளவு பரவியது என்பதையும் சேர்த்தே காட்டும். எண்ணெய்ப்பசையுள்ள சேர்மங்கள் அகாரில் சரியாக நகராது. வளையம் சிறிது என்று அவற்றைக் கழித்தால் நல்ல சரக்கு போய்விடும். அகார் 4 மி.மீ.க்கு மேல் தடித்தாலும் வளையம் சுருங்கும்.

செறிவு காண 96 குழித் தட்டு வசதி. குழிக்கு 100 மைக்ரோலிட்டர் முல்லர்–ஹின்டன் நீர்மம் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்ட நீர்மம்). முதல் குழியில் 100 சாறு கலந்து, அதில் 100 எடுத்து அடுத்ததில் என்று பாதி பாதியாகக் குறைத்து, கடைசி 100ஐக் கொட்டிவிடுங்கள். பிறகு மில்லிலிட்டருக்கு 10 லட்சம் பாக்டீரியா உள்ள கரைசல், குழிக்கு 100. இப்போது பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 5 லட்சமாகும். சாறும் இன்னொரு முறை பாதியாகும். இதைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

35 டிகிரியில் 16–20 மணி நேரம் வைத்து ரெசாசுரின் என்ற நீலச் சாயம் விடுங்கள். நீலம் நின்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் உண்டு. கடுக்காயில் டானின் மிகுதி. அது நீர்மத்தைக் கலங்கடிக்கும், பாக்டீரியா இல்லாமலே சாயத்தையும் மாற்றக்கூடும். ஆகவே சாறு மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம்.

நீலக் குழியில் பாக்டீரியா செத்துவிட்டது என்றும் கொள்ளக் கூடாது. அதில் 10 மைக்ரோலிட்டரைப் புது அகாரில் பரப்பிப் பாருங்கள். தொடக்கத்தில் அந்தத் துளியில் 5,000 இருந்திருக்கும், 99.9 விழுக்காடு செத்திருந்தால் 5 காலனிக்கு (ஒரு பாக்டீரியாவிலிருந்து பெருகிய திட்டு) மேல் வராது. தடுப்பது வேறு, கொல்வது வேறு. எனவே இரண்டு சொல் தேவை: தடுசெறிவு, கொல்செறிவு.

> தடுசெறிவு, கொல்செறிவு

‘கொல்களிறு’ போல வினைத்தொகை. வல்லினம் மிகாது, ‘தடுச்செறிவு’ என்று யாரும் திருத்த வேண்டாம். ஆனால் ‘குறைந்தபட்சம்’ எங்கே போயிற்று? 64 மைக்ரோகிராம் தடுத்தால் 128-உம் தடுக்கும்தானே. பள்ளிக் கணக்கில் பெருமம், சிறுமம் இருக்கிறது. ‘சிறுமத் தடுசெறிவு’ என்க.

> சிறுமத் தடுசெறிவு

நன்றி அம்மா. உரையில் அப்படியே. அட்டவணையில் ‘தடுசிறுமம்’, ‘கொல்சிறுமம்’. அலகு பக்கத்தில் இருப்பதால் செறிவு என்பது விளங்கும். கொல்சிறுமம் தடுசிறுமத்தின் 4 மடங்குக்குள் இருந்தால் ‘கொல்லி’, தாண்டினால் ‘தடுப்பி’ என்று கடைசி நெடுவரிசையில் குறிக்கிறோம்.