இரத்த மாதிரி சேகரிப்பு: ஒப்புதல் படிவமும் ஒப்படைப்புப் பதிவேடும் தேவை

குழுவிலுள்ள ஆய்வக நண்பர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம். மண்டபத்தில் இரத்த மாதிரி சேகரிப்பு மையமொன்றில் பணிபுரிகிறேன். பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் வீடுகளுக்குச் சென்று எடுக்கும் மாதிரிகளையும் சேர்த்து மதுரைக்குப் பேருந்தில் அனுப்புகிறோம்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள் கொண்ட குழாய்களில் சிட்ரேட் குழாய்க்குப் பிறகே இடிடிஏ குழாய் என்ற வரிசையிலோ, நோயாளியின் முன்னிலையிலேயே பெயர்ச்சீட்டு ஒட்டுவதிலோ எங்களுக்குக் குழப்பமில்லை. சிக்கல் பயணத்தில்தான். சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மம்) பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் சர்க்கரை அளவு குறைந்துகொண்டே போகும் என்பதும், சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதும் நீங்கள் அறிந்தவையே. ஆனால், மாதிரி கெட்டது எங்கள் கையிலா, வழியிலா என்று நோயாளியின் குடும்பத்தார் கேட்டால், காட்டுவதற்கு எடுத்த நேரத்தைத் தவிர எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை. (பேருந்து நடத்துநரிடம் கையெழுத்து கேட்க முடியுமா என்ன?) பெட்டியின் வெப்பநிலை, ஒப்படைத்த நேரம், பெற்றுக்கொண்டவர் கையொப்பம் ஆகியவை அடங்கிய பதிவேட்டின் மாதிரி இருந்தால் பகிருங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு மருத்துவரின் சீட்டே போதும் என்கிறார் எங்கள் மேலாளர். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நோயாளியின் அறிந்த ஒப்புதலை (பரிசோதனை பற்றி விளக்கம் பெற்றபின் தரும் சம்மதத்தை) கோருவதால், அது போதாது என்பதே என் கருத்து. எளிய தமிழிலான ஒப்புதல் படிவம் வைத்திருப்பவர்கள் அனுப்பி உதவ வேண்டுகிறேன்; எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சாட்சியுடன் கைரேகை பெறும் முறையையும் வழக்கறிஞர்கள் விளக்கினால் நன்று.