கிராக் போட்ட கம்ப்யூட்டர், பூட்டுப் போட்ட பிரிண்டர்: கம்பம், குமுளிப் பக்கத்து அனுபவங்கள்

கூடலூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்

ஃபார்மட் அடித்துத் தருகிற கடைகளில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒரு காரியத்தில் ஆரம்பிக்கிறேன். லேப்டாப் வாங்கும்போதே பலர் விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்த லைசென்ஸ் சாவி ஸ்டிக்கரில் வருவதில்லை, மதர்போர்டு பயாஸுக்குள்ளேயே எழுதி வருகிறது. பெரும்பாலும் அது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' சாவி. கடைப் பென்டிரைவில் இருப்பதோ 'ப்ரோ' என்ற வேறு பதிப்பு. ஹோம் சாவி ப்ரோவுக்குச் சேராது. திரை மூலையில் 'ஆக்டிவேட்' எழுத்து வந்து நிற்கும், உடனே லைசென்ஸ் பூட்டை உடைக்கிற 'கிராக்' ஒன்றை ஓட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குத் திருட்டு விண்டோஸோடு போகிறார், அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

இதற்கு வைத்தியம் சுலபம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் வைத்து இன்ஸ்டாலர் தயார் பண்ணுங்கள். பயாஸில் சாவி இருந்தால் இன்ஸ்டாலரே அதைப் படித்துச் சரியான பதிப்பை எடுத்துக்கொள்ளும். நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். பைசா செலவில்லை.

ஏற்கனவே கிராக் போட்டதா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் 'எஸ்எல்எம்ஜிஆர்' என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு 'எக்ஸ்பிஆர்' கொடுங்கள். 'பெர்மனன்ட்லி ஆக்டிவேட்டட்' என்று வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 'வால்யூம் ஆக்டிவேஷன்' என்று ஒரு காலாவதித் தேதியோடு வந்தால், அந்த லேப்டாப் வீட்டு உபயோகத்துக்கு வாங்கியது என்றால், அது கேஎம்எஸ் வேலை. கேஎம்எஸ் என்பது பெரிய கம்பெனிகள் தங்கள் ஆபீஸ் மெஷின்களுக்காக வைத்துக்கொள்ளும் முறை. 180 நாள்தான் செல்லும், 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முயலும். அதனால் கிராக் ஒருமுறை ஓடி முடிந்துபோகிற சங்கதி இல்லை. புதுப்பிக்க வேண்டி உள்ளேயே ஓர் ஆளை நிரந்தரமாக உட்கார வைக்கிறது. வைரஸ் காவலுக்கு அது தெரியக்கூடாது என்று விலக்குப் பட்டியலில் முழு சி டிரைவையும் சேர்த்துவிடுகிற கிராக்குகள் உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக்கூடாது.

கம்பம், கல்யாண ஆல்பம் எடிட்டிங்

மேலே சொன்ன விலக்குப் பட்டியலின் விலை ஸ்டூடியோக்களில்தான் தெரியும். ஆல்பம் பிளக்‌இன், கலர் பிரீசெட், வீடியோ எடிட்டர் கிராக் எல்லாம் பெரும்பாலும் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வரும், பாஸ்வேர்டு 1234 என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். பாஸ்வேர்டு போடுவதே ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான். 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இந்த வழியில் வருவதில், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ஸ்டாப் டிஜேவியு என்ற வைரஸ் குடும்பம் பேர்போனது. திரையில் விண்டோஸ் அப்டேட் போல ஒரு போலி ஜன்னல் ஓடும். அது ஓடி முடிவதற்குள் போட்டோ எல்லாம் பூட்டப்பட்டு, ஃபைல் பெயர்களின் பின்னால் நாலெழுத்து வால் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு 'ரீட்மி' ஃபைல். 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி என்று சொல்லும்.

அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்காதீர்கள், பணமும் கட்டாதீர்கள். வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக இது ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபியை மட்டும்தான் பூட்டுகிறது. 5 எம்பி ஜேபெக்கில் மீதி அப்படியே கிடக்கும். அதே கேமரா, அதே சைஸ் செட்டிங்கில் எடுத்த நல்ல படம் ஒன்றின் தலைப்பகுதியை எடுத்து ஒட்டினால் படம் திறக்கும். மேலே ஒரு பட்டை போகும், முகங்கள் பெரும்பாலும் தப்பும். எம்பி4 வீடியோவுக்கும் இதே வழி: அதே கேமராவின் நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாகக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். சின்ன ஃபைல்கள், வேர்ட், எக்செல் எல்லாம் முழுசாகப் போனதுதான்.

முறை இப்படி. நெட்டைக் கழற்று. ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்து முழு நகல் எடு. அந்த நகலில் மட்டும் வேலை செய். ரீட்மியில் உள்ள அடையாள எண் 'டி1' என்று முடிந்தால் அது ஆஃப்லைன் சாவி, அதாவது நெட் இல்லாதபோது போடுகிற, பலருக்கும் பொதுவான சாவி. ஆன்டிவைரஸ் கம்பெனியான எம்சிசாஃப்ட் 2019இல் இலவசமாக விட்ட டிகிரிப்டர் (பூட்டைத் திறக்கும் மென்பொருள்) சில வகைகளுக்குத் திறக்கும். கேமரா மெமரி கார்டில் மேலே எழுதாமல் இருந்தால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பழைய படங்களைத் தோண்டி எடுக்கும். முகூர்த்த சீசனில் கார்டை உடனே துடைக்காமல் ஆல்பம் டெலிவரி வரை வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். கடைசியில், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு அத்தனையும் வேறு மெஷினிலிருந்து மாற்றுங்கள். பூட்டுகிறவனோடு சேர்ந்து பாஸ்வேர்டு திருடுகிறவனும் வருவது வழக்கம்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில், திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்கு இல்லை, சொந்த உபயோகம் என்றால் சிறை இல்லாமல் விடக் கோர்ட்டுக்கு இடம் இருக்கிறது. ஸ்டூடியோ தொழில் கணக்கில்தான் வரும்.

போடி, ஏலக்காய்க் கடைக் கணக்கு

சின்னதாக ஒன்று. கேரளத்துப் புற்றடியிலும் தமிழ்நாட்டுப் போடியிலும் ஏலம் எடுக்கிறவர்களுக்கு ஒரே நாளில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி பில்லும் வரும், உள் மாநிலத்துக்கான சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி பில்லும் வரும். கிராக் டேலி புது ரிலீஸுக்கு மாறாது, மாற்றினால் கிராக் போய்விடும். அதனால் பழைய படிவத்திலேயே கணக்கு நின்றுபோகிறது. கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் டேலியிலேயே எஜுகேஷனல் மோட் இருக்கிறது, காசில்லை. மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விடும், பழக அது போதும். வருட விற்பனை 1.5 கோடிக்குக் கீழே இருந்தால் ஜிஎஸ்டி போர்ட்டல் வழியாக இலவச பில்லிங் மென்பொருள் வாங்கிக்கொள்ளலாம்.

குமுளி, அச்சகம்

எங்கள் தொழிலின் பூட்டு வேறு மாதிரி. பக்கம் வடிவமைக்கிற அடோபி பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி அதைக் கைவிட்டது, 2013இலிருந்து ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றின் புதுப் பதிப்புகளைச் சந்தா முறையில்தான் கொடுக்கிறது. இருந்தும் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் இன்னும் பழைய பேஜ்மேக்கர் நகலில்தான் ஓடுகிறது. காரணம் மென்பொருள் இல்லை, எழுத்துரு. இருபது வருட மேட்டர் அத்தனையும் பாமினியிலும் செந்தமிழிலும் கிடக்கிறது.

பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது கம்ப்யூட்டருக்குத் தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஐந்தும் பல்லைக் காட்டும். அதனால்தான் பாமினியை விட முடிவதில்லை, பேஜ்மேக்கரையும் விட முடிவதில்லை.

வெளியே வரும் வழி: பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரே ஆபீஸ் டிராவில் திறங்கள். லேஅவுட் கலையும், ஆனால் மேட்டர் வந்துவிடும். அதை என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக, அதாவது கம்ப்யூட்டர் தமிழாகவே படிக்கிற வடிவமாக மாற்றுங்கள். தப்பு வருகிற இடம் ஒன்று உண்டு. பத்திரிகையில் 'பி.இ.', 'எம்.பி.பி.எஸ்.' என்று ஆங்கிலத்தில் போட்ட பட்டங்களும் அதே ஆங்கிலக் குறிகள் ஆனதால், கன்வெர்ட்டர் அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 1, 2 என்று எண் போட்டு வையுங்கள், பிறகு திருப்பிச் சேருங்கள். கொம்பு வரி முடிவில் தனியாக நிற்கும் இடங்களையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

புது வேலைக்கு ஸ்கிரைபஸ் 1.6 என்ற இலவச லேஅவுட் மென்பொருள் போதும், தமிழ் எழுத்து உடையாமல் நிற்கிறது. பிளேட் போடுகிற இடத்துக்குப் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள், மூல ஃபைல் வேண்டாம். எழுத்துருவுக்குக் கள்ள சிடி தேவையில்லை. நோட்டோ, முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் திறந்த உரிமத்தில் வருகிறவை, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். மீரா இனிமையை நமக்குச் செய்து கொடுத்தது மலையாளத்துக்காக உழைக்கிற சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் நம் எழுத்தைச் செதுக்கி இலவசமாகக் கொடுத்திருக்கும்போது, நாம் இன்னும் 2001ஆம் வருடத்து நகலைக் கட்டி அழ வேண்டியதில்லை.

பீருமேடு, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேப்

அதே பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கேரளப் பள்ளிக்கூடங்களில் அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்ட காலத்திலிருந்து, இப்போது கைட் நிறுவனத்தின் கீழும், லினக்ஸில்தான் பாடம். பீருமேடு, தேவிகுளம் தாலுகாக்களின் தமிழ் மீடியம் பிள்ளைகளும் இங்க்ஸ்கேப், ஜிம்ப், லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்கள் பழகித்தான் வெளியே வருகிறார்கள். கம்பத்துக்கு டிடிபி வேலைக்கு வந்ததும் அவர்களைக் கிராக் போட்ட மென்பொருளில் உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கடைக்குள் கொண்டுவர விடுங்கள்.

கம்பம், பிரிண்டர் சர்வீஸ்

இங்க் டேங்க் பிரிண்டரில் இரண்டு விளக்கும் மாறி மாறி எரிந்து, 'இங்க் பேட் ஆயுள் முடிந்தது, சர்வீஸ் சென்டரை அணுகவும்' என்று வந்தால் மெஷின் கெடவில்லை. உள்ளே ஒரு எண்ணிக்கை 100 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. ஹெட் கிளீனிங் ஒவ்வொரு முறையும் வழிகிற இங்க், கீழே இருக்கிற பஞ்சுத் திண்டுக்குப் போகிறது. எவ்வளவு போயிற்று என்று மெஷின் அளப்பதில்லை, கணக்குத்தான் போடுகிறது. கணக்கு நிறைந்தால் பிரிண்ட் நின்றுவிடும்.

அந்த எண்ணை அழிக்கிற மென்பொருளைக் கம்பெனி தன் சர்வீஸ் சென்டருக்கு மட்டும் கொடுக்கிறது. கசிந்த நகல்தான் ஊரெல்லாம் 'ரீசெட்டர்' என்று சுற்றுகிறது. அதற்குச் சாவி விற்கிற ஆளும் உண்டு, சாவியோடு சேர்த்து வைரஸ் கொடுக்கிற ஆளும் உண்டு. பில்லிங் மெஷினில் அதை ஓட்டவே கூடாது.

ரீசெட் பண்ணி மட்டும் கொடுத்தால் வேலை பாதிதான். திண்டு நிஜமாகவே நனைந்திருந்தால் சில வாரத்தில் மேஜையில் கறுப்பாக வழியும், சில நேரம் பவர் சப்ளை பக்கமும் போகும். திண்டை வெளியே எடுத்து, தண்ணீர் தெளிவாகும்வரை பிழிந்து அலசி, இரண்டு நாள் வெயிலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். ஈரம் இருந்தால் இங்க் உறிஞ்சாது. கழிவு டியூபை வெளியே இழுத்துப் பாட்டிலில் விடுகிறவர்கள், பாட்டிலை பிரிண்டரை விடத் தாழ்வாக வையுங்கள், டியூப் மடங்கக்கூடாது. மேலே வைத்தால் கழிவு இங்க் திரும்பி ஹெட் மூடிக்கு வந்து நிறம் கலக்கும், மஞ்சள் அடித்தால் பச்சை வரும். தேவையில்லாமல் கிளீனிங் கொடுக்காதீர்கள். முதலில் நாசில் செக், கோடு விட்டிருந்தால் மட்டும் கிளீனிங். சுவிட்ச் போர்டில் ஆஃப் செய்யாமல் பிரிண்டரின் பட்டனிலேயே அணையுங்கள், அப்போதுதான் ஹெட் மூடிமேல் போய் உட்காரும்.

கூடலூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்

அண்ணே, ரீசெட்டரைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிண்டர் வாங்கியவருடையது, பஞ்சு அவருடையது, வழிந்த இங்க்கும் அவர் காசில் வாங்கியது. எண்ணை அழிக்கிற உரிமை மட்டும் கம்பெனியுடையதா? அமெரிக்காவில் வீட்டுப் பயனாளிகளுக்கு ஒருமுறை இலவசமாக அழிக்க மென்பொருள் கொடுத்த தயாரிப்பாளர் உண்டு. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24இல், வாங்கிய பொருளைச் சரிசெய்துகொள்ளும் உரிமைக்காக ரைட் டு ரிப்பேர் தளம் தொடங்கியிருக்கிறது. சர்வீஸ் சென்டர் சொல்கிற தொகை பிரிண்டர் விலையில் பாதிக்கு வந்தால் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போடுங்கள். வாய்ப்பேச்சில் சொன்ன தொகையை வைத்துப் புகார் நிற்காது.

குமுளி, தியேட்டர் புரொஜக்‌ஷன்

பெரிய தமிழ்ப் படம் என்றால் தமிழ்நாட்டில் 9 மணிக்கு முன் காட்சி கிடையாது, கேரளத்தில் விடியற்காலையிலேயே போட்டுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் போனில் படம் பிடிக்கிற ஆள் வருகிறான். தியேட்டர் தெரியாது என்று நினைப்பது தவறு. டிஜிட்டல் சினிமா தரப்படி இயங்கும் சர்வர், ஓடும் படத்திலேயே கண்ணுக்குத் தெரியாத 35 பிட் அடையாளம் ஒன்றைப் பதிக்கிறது. 16 பிட் தேதியும் நேரமும், 15 நிமிடத் துல்லியத்தில். 19 பிட் எந்த இடம் என்பது. ஒவ்வொரு 5 நிமிடத் துண்டிலும் அது முழுசாக இருக்கும், உறுதியாக அடையாளம் காண 30 நிமிடப் பதிவு வரை தேவைப்படலாம். சாய்த்துப் பிடித்தாலும் அமுக்கிச் சின்னதாக்கினாலும் அழியாதபடி வடிவமைத்தது. 2023 சினிமாட்டோகிராஃப் திருத்தச் சட்டப்படி 3 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, குறைந்தது 3 லட்சம் அபராதம், அதிகபட்சம், கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். படம் பிடித்தவன் போய்விடுவான், போலீஸ் முதலில் வந்து நிற்பது ஆபரேட்டர் அறையில். காட்சிப் பதிவேட்டையும் சிசிடிவியையும் சரியாக வைத்திருங்கள்.

கம்பம், பிரிண்டர் சர்வீஸ்

கூடலூர் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: சில மாடல்களில் பஞ்சுக்குப் பதில் 'மெயின்டனன்ஸ் பாக்ஸ்' என்று ஒரு பெட்டி வருகிறது. பெட்டியில் சிப் இருக்கும், நிறைந்தால் புதுசு வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ளலாம், ரீசெட்டர் வேண்டாம். விலை கேட்பதற்கு முன்னால் அது இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அந்தப் பெட்டி கம்பத்திலோ தேனியிலோ கடையில் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.