ட்ரூப், ஸாக், வில்ட், விதர்: எந்த இடத்தில் எது?

மஸ்கெலியா_11:
சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகுகிறேன். பூ தலை சாய்ந்தது, கொடிக்கயிறு தொய்ந்தது, தேயிலைக் கொழுந்து வாடியது என்ற மூன்றுக்கும் "ட்ரூப்" போட்டேன். முதலாவது மட்டும்தான் சரியாம். அகராதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் "தொங்கு, தளர், வாடு" என்றே கிடக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பண்டாரவளை இங்கிலீஷ்:
பிடிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்க. ஒரு பக்கம் பிடித்திருக்க, மற்றப் பக்கம் பலமில்லாமல் கீழே சாய்ந்தால் ட்ரூப்: பூ, கண் இமை, தோள், நாயின் காது. உற்சாகம் குன்றினாலும் ட்ரூப் வரும்.

இரண்டு பக்கமும் பிடித்திருக்க நடுப்பகுதி பாரத்தில் இறங்கினால் பெரும்பாலும் ஸாக்: கொடிக்கயிறு, கரண்ட் கம்பி, பழைய கட்டில், லயத்துக் கூரை. சந்தையில் விலை மெல்ல இறங்கினாலும் ஸாக்தான். சடாரென்று விழுந்தால் ஸ்லம்ப்.

பிள்ளைகள் அதிகம் புள்ளி இழப்பது எழுத்துக்கூட்டலில். இறந்தகாலத்தில் ஸாக் என்பதற்கு ஜீ இரட்டிக்கும். ட்ரூப்பில் ஏற்கனவே இரண்டு ஓ இருப்பதால் பீ இரட்டிக்காது. ஒரு ஓவும் இரண்டு பீயும் போட்டால் அது ட்ராப்ட்; தலை சாய்ந்த பூ உதிர்ந்தே போய்விடும்! முதலெழுத்து ஆங்கில வரிசையில் நாலாவதான டீ என்பதையும் கவனியுங்க. அதை இருபதாவது எழுத்தான டி ஆக்கினால் படைப்பிரிவு என்று அர்த்தம் மாறும். "வெயில் பூவை ட்ரூப் செய்தது" என்ற மாதிரி எழுதாதீங்க. பூவை எழுவாயாக வைங்க.

கொழுந்து விஷயத்தை ஃபேக்டரிக்காரர் யாராவது சொல்லட்டும்.

டீமேக்கர்_டிக்கோயா:
ஃபேக்டரியில் வாட்டுவதற்கு விதர் என்ற சொல்தான். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ட்ரஃபில், அதாவது வாட்டுகிற நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, பொதுவாக 12 முதல் 18 மணித்தியாலம் வாட்டுவோம். ரோலரில் இலையைச் சுருட்டும் ஓர்த்தடொக்ஸ் முறையில் 100 கிலோ ஏறத்தாழ 50 கிலோவுக்கு இறங்கும். கைநிறைய அள்ளிப் பொத்திப் பிடித்து விடுங்க: உருண்டை சட்டென்று விரியக்கூடாது, தண்டு ஒடியாமல் வளையணும். வாட்டம் குறைந்தால் ரோலரில் சாறு ஒழுகி இலை துண்டு துண்டாகும். கூடினால் சுருளாது, செதில் செதிலாக உதிரும். சாதாரண ஆங்கிலத்தில் விதர் என்றால் காய்ந்து சுருங்கிப் போவது. அதனால் கட்டுரையில் தொழிற்சாலை வேலை என்று தெளிவாக எழுதணும்.

நானுஓயா_தோட்டம்:
வில்ட் என்பது செடி தண்ணீர் இல்லாமல் துவள்வது. மத்தியானம் துவண்ட கோவா (முட்டைக்கோஸ்) இலை பின்னேரம் நிமிர்ந்துவிடும். ஆனால் உருளைக்கிழங்கில் வரும் பாக்டீரியல் வில்ட் நோயின் பெயர், அதில் ஏமாறக்கூடாது. அதுவும் ஆரம்பத்தில் பகலில் துவண்டு இரவில் நிமிரும், பிறகு பச்சையாகவே சாகும். சோதிக்க, அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் கீழே தொங்கப் பிடியுங்க. சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி இறங்கினால் அந்த நோய்தான். வெறும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் இப்படி வராது.

மஸ்கெலியா_11:
அப்போ பறித்துச் சாக்கில் வெயிலில் கிடந்து துவண்ட கொழுந்துக்கு?

டீமேக்கர்_டிக்கோயா:
வில்ட் போடுங்க. வேண்டுமென்று வாட்டவில்லையே. அமுக்கிக் கட்டி, சூடேறிச் சிவந்துவிட்டால் அது வேறு கதை, அந்தக் கொழுந்தில் நல்ல தூள் வராது.