அசாந்தே ராஜமாதா: அதிகாரமா, அலங்காரமா?

பனங்காடன்:
நேற்று வெட்டிவேர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனது இது: "ஆப்பிரிக்காவில் பெண் என்றால் மாடு கொடுத்து வாங்கும் பொருள். அதிகாரமாவது ஒன்றாவது." 54 நாடுகளை ஒரே வரியில் முடித்துவிட்டார்! மாடு கொடுப்பது தெற்கே ஜூலு போன்ற சில மக்களிடம். கானாவின் அசாந்தே இனத்தார் கல்யாணத்தில் பெண்வீட்டுக்குப் போவது மதுப்புட்டி. அங்கே குலம் தாய்வழி. அரசனின் மகன் என்பதால் மட்டும் எவனும் அரசனாகிவிட முடியாது, அரச குலத்துப் பெண் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும். அப்படிப் பிறந்தவர்களில் யார் என்று பெயர் சொல்பவர் ராஜமாதா என்ற பதவியில் இருக்கும் அரச குலத்துப் பெண். 1999இல் இப்போதைய மன்னர் இரண்டாம் ஒசெய் டுட்டுவை முன்மொழிந்ததும் அன்றைய ராஜமாதாதான்.

வெட்டிவேர்:
அந்த ராஜமாதா மன்னரின் சொந்தத் தாய் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? முன்மொழிவது வேறு, நியமிப்பது வேறு ஐயா. தேர்வு செய்யும் பெரியவர்கள் அவர் சொன்ன ஆளைத் தள்ளலாம். மூன்று தடவை தள்ளினால் அவர் பேச்சு முடிந்தது, அவர்களே ஆள் பார்த்துக்கொள்வார்கள். மூன்றே தடவை!

பனங்காடன்:
அந்த மூன்று தடவையும் பெயர் யாருடையது? அவருடையது. முதல் பெயரை வேறு யாரும் சொல்ல முடியாது. அதிகாரம் இல்லை என்கிறீர்களே, 1900இல் நடந்ததைக் கேளுங்கள். மன்னர் பிரெம்பேயை 1896லேயே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆங்கிலேய கவர்னர் ஹாட்ஜ்சன் அசாந்தே தலைநகர் குமாசிக்கு வந்து பொன் முக்காலியைக் கொண்டுவரச் சொன்னார், தான் உட்கார வேண்டுமாம். அசாந்தே இனத்தின் உயிரே அதில் இருப்பதாக நம்பிக்கை, மன்னரே அதில் உட்கார மாட்டார். ஆண் தலைவர்கள் தயங்கியபோது போரை நடத்தியவர் எஜிசு என்ற ஊரின் ராஜமாதா யா அசாந்தேவா. செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள், 1921இல் அங்கேயே இறந்தார். முக்காலி மட்டும் கவர்னர் கைக்குச் சிக்கவே இல்லை.

வெட்டிவேர்:
அருமையான வரலாற்று வகுப்பு. நான் கேட்டது மூன்று தடவை பற்றி.

கடலோடி:
தஹோமி அரசின் பெண் படையை மறந்துவிட்டீர்களே! 1890களில் பிரெஞ்சுக்காரர்களோடு நேருக்கு நேர் மோதினார்கள்.

வெட்டிவேர்:
அது இன்றைய பெனின். பேச்சு கானாவைப் பற்றி. அந்தப் படை அக்கம்பக்கத்து ஊர்களில் அடிமை பிடிக்கவும் போனது, அதையும் சேர்த்துப் பெருமைப்படுங்கள்.

கடலோடி:
கானா என்று நான் சொன்னேனா? எத்தியோப்பியா விவாதத்தில் நீங்கள் வரைபடம் தெரியாமல் உளறியதை எடுத்துப் போடட்டுமா?

சுடுசோறு:
ராஜமாதா இருக்கட்டும், சாதாரணப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? தாய்வழி என்றதும் சொத்து பெண்ணுக்கு என்று துள்ளாதீர்கள். கணவன் செத்தால் சொத்து அவன் தாய்வழிச் சொந்தத்துக்கு, பெரும்பாலும் அவன் சகோதரி மகனுக்கு. கூடவே நின்று கோகோ தோட்டம் வளர்த்த மனைவி வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். 1985இல் வாரிசுச் சட்டம் வந்த பிறகுதான் மனைவி, பிள்ளைகளின் பங்கு உறுதியானது.

பனங்காடன்:
அம்மா, அது தனி விவாதம். இங்கே அரசுரிமை பற்றிப் பேசுகிறோம்.

சுடுசோறு:
உங்களுக்கு வசதிப்படாதது எல்லாம் தனி விவாதம். போன வாரமும் இதைத்தான் சொன்னீர்கள்.

வெட்டிவேர்:
நன்றாகக் கேட்டீர்கள். கானாவின் மரபுவழித் தலைவர்களுக்கான தேசிய அவையில் ராஜமாதாக்கள் பல வருடமாக இடம் கேட்டு வந்திருக்கிறார்கள். அதிகாரம் இருந்தால் ஏன் கேட்க வேண்டும்?

பனங்காடன்:
வெள்ளை அதிகாரிகள் ஆண் தலைவர்களை மட்டும் கூப்பிட்டுப் பேசிப் பழக்கிய பழக்கம் அது. அசாந்தே மரபின் மேல் போடாதீர்கள். குமாசியில் ராஜமாதாவுக்குத் தனி இருக்கை, தனி அவை உண்டு. நான்காம் முறையாகக் கேட்கிறேன்: முதல் பெயர் யாருடையது?

வெட்டிவேர்:
முதல் பெயர் அவருடையது, கடைசிப் பெயர்? கத்திக் கேட்டால் சரியாகிவிடுமா?

பனங்காடன்:
கத்துவது யார்? சுடுசோறு அம்மாவுக்கு நேற்றே விளக்கமாக எழுதினேன், படிக்கவில்லை போல.

சுடுசோறு:
படித்தேன். பாதி யா அசாந்தேவா, மீதி உங்கள் புராணம்.

கடலோடி:
எத்தியோப்பியா இணைப்பு கிடைத்துவிட்டது. போடவா வெட்டிவேர்?