ஐஎன்ஏ (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) வீரர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

தேக்காவாசி: ஐஎன்ஏ வீரர்கள் இருவர் சமூக மன்றத்தில் சந்திக்கிறார்கள். வயது 95க்கு மேல். கைப்பேசியில் பதிந்தால் போதுமா?

ஒலிப்பதிவர்: போதும், ஆனால் ஆளுக்கொரு காலர் மைக் வேண்டும், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சலைப் பிறகு நீக்கினால் தளர்ந்த குரலும் சேர்ந்து தேயும். ஒலியைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம். சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள், அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

பாடாங்: முதலில் தனித்தனியாகப் பேசவையுங்கள், பிறகு சேர்த்து. ஒருவர் சொல்வது மற்றவர் நினைவை மாற்றிவிடும், இதுதான் பெரிய இழப்பு. தேதி கேட்காதீர்கள். "1943 ஜூலையில் சிங்கப்பூர் பாடாங் திடலில் நேதாஜி பேசியபோது நீங்கள் எங்கே நின்றீர்கள் ஐயா?" என்று இடத்தைப் பிடித்துக் கேளுங்கள்.

பழைய ஆல்பம்: அவர்கள் பழைய படங்கள் கொண்டுவந்தால், ஒட்டுப்பக்க ஆல்பத்திலிருந்து அவற்றைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பதிவைப் பயன்படுத்த அவர்களின் ஒப்புதல் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.